சந்தையை நடத்துபவரே எதிர்க்கடை போடலாமா?

கேள்வி: ஒரு பெரிய இணைய வணிகத் தளத்தில் பொருள் விற்கிறேன். நன்றாக விற்ற என் பொருளைப் போலவே ஒன்றை அந்தத் தளமே தன் பெயரில் தயாரித்து, தேடலில் முதலிடத்தில் வைக்கிறது. என் விற்பனை பாதியாகச் சரிந்துவிட்டது. ‘தளம் அவர்களுடையது, கேள்வி கேட்க முடியாது’ என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை. தளம் அவர்களுடையதுதான். அதற்காக, உங்கள் விற்பனை விவரங்களை வைத்தே உங்களை வீழ்த்தும் உரிமை அவர்களுக்கு வந்துவிடாது.

ஆனால், பெரிய நிறுவனமாக இருப்பது மட்டுமே குற்றமாகாது. காப்புரிமையோ வணிகச் சின்னமோ மீறப்படாதவரை, உங்களுடையதைப் போன்ற பொருளை விற்பதும் தவறல்ல. அந்தச் சந்தையில் அவர்களுக்கு ஆதிக்க நிலை இருக்கிறதா, அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்களா என்பதைத்தான் போட்டிச் சட்டம் பார்க்கும். தன் விலை ஒப்பீட்டுச் சேவையை மேலே வைத்துப் போட்டியாளர்களைக் கீழே தள்ளியதற்காக, ஐரோப்பிய ஆணையம் 2017இல் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. மேல்முறையீடு 2024 செப்டம்பரில் இறுதியாகத் தள்ளுபடியானது. விற்பனையாளர்களின் வெளியிடப்படாத தரவுகளைத் தன் சில்லறை வணிகத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று, 2022 டிசம்பரில் அமேசான் அதே ஆணையத்திடம் உறுதியளித்தது. இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், பிரிவு 4 இதற்குப் பொருந்தும். பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் இந்தியப் போட்டி ஆணையத்தில் ‘தகவல்’, அதாவது புகார், தாக்கல் செய்யலாம்.

உங்கள் வழக்கு ஆதாரத்தில்தான் நிற்கும். அவர்களின் பொருள் எந்த நாளில் பட்டியலுக்கு வந்தது, அதற்கு முன்னும் பின்னும் தேடலில் நீங்கள் எந்த இடத்தில் இருந்தீர்கள், வாடிக்கையாளர் மதிப்பீடு மாறாமலே இடம் சரிந்ததா என்பதையெல்லாம் தேதியுடன் சேமியுங்கள். தரவரிசை எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்று எழுத்தில் கேளுங்கள்; மழுப்பலான பதிலும் பின்னால் பயன்படும். இதே நிலையிலுள்ள மற்ற விற்பனையாளர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவரின் நட்டத்தைச் சாதாரணப் போட்டி என்று தள்ளிவிடலாம், பலருக்கும் ஒரே விதமாக நடந்திருந்தால் அப்படித் தள்ள முடியாது.

இன்னொன்று: போட்டி ஆணையம் விதிக்கும் அபராதம் உங்கள் கைக்கு வராது. நட்டஈட்டுக்குத் தனியாக மனுச் செய்ய வேண்டும். ஆணையத்தில் தகவல் தாக்கல் செய்வதற்குக் காலவரம்பும் உண்டு. கோபத்தில் கணக்கை மூடிவிடாதீர்கள். முதலில் விற்பனை அறிக்கைகள் முழுவதையும் பதிவிறக்கிக்கொண்டு, ஒப்பந்தத்தின் தகராறுத் தீர்வுப் பிரிவுடன் வழக்கறிஞரைப் பாருங்கள்.