அடுத்த வயல் கடுகைப் பார்த்தீர்களா?

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் முசிறி. மத்திய அரசு வேலையில் ஓய்வு பெற்றபின் டெல்லியிலேயே தங்கிவிட்டேன். நஜஃப்கருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, இரண்டு ஏக்கரில் முதல் தடவையாகக் கடுகு போட்டேன். நன்றாக உழுது பத்து நாள் காயவிட்டு, அக்டோபர் 6 அன்று ஏக்கருக்கு மூன்று கிலோ கை விதைப்பாக விதைத்து, உடனே தண்ணீர் விட்டு, மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீரும் விட்டேன். ஒரு ஏக்கரில் பாதிதான் முளைத்தது. இன்னொரு ஏக்கரில் முளைத்ததும் கருகிப் போச்சு. மாதம் முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை. தீபாவளி வந்தும் மின்விசிறியை நிறுத்த முடியவில்லை. உரக்கடையில் அடியுரமாக டிஏபி உரம் கேட்டதற்கு, சூடு தாங்கும் டானிக் என்று 900 ரூபாய் பாட்டில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதை எப்போது தெளிக்க வேண்டும்? மூன்று நாளைக்கு ஒரு தண்ணீர் விட்டால் மிச்சம் பிழைக்குமா? பக்கத்துச் சௌத்ரி வயலில் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது ஏக்கரில், மார்ச் வெயிலுக்கு முந்திக்கொள்ள இப்போதே கோதுமை விதைத்துவிடலாமா?

பதில்: அன்புள்ள ஐயா, முதல் வெள்ளாமை கண்ணெதிரே கருகுவது பெரிய வேதனை. நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பக்கத்துச் சௌத்ரி வயலில் ஒன்றும் ஆகவில்லை. அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன். அவருக்கும் அதே வெயில், அதே வானம், நடுவில் ஒரு வரப்பு. அவர் கடுகு ஏன் நிற்கிறது என்று நீங்கள் அவரிடம் கேட்கவில்லை. டானிக்கை எப்போது தெளிப்பது என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

வெயில் அதிகம் என்பது உண்மை. 1901 முதல் உள்ள பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான அக்டோபர் இந்த 2024 அக்டோபர்தான் என்று வானிலைத் துறை சொல்லியிருக்கிறது. நாட்டுச் சராசரி 26.92 டிகிரி, வழக்கத்தைவிட 1.23 டிகிரி கூடுதல். டெல்லியில் பகல் உச்சத்தின் மாதச் சராசரியே 35 டிகிரியைத் தாண்டியது. வழக்கமாக மேற்கிலிருந்து வரும் காற்றுக் கலக்கங்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனால், அதன் பின்னால் குளிர்ந்த வடமேற்குக் காற்று இறங்கும். இந்த ஆண்டு அவை வரவில்லை. வங்கக் கடலில் அடுத்தடுத்துத் தாழ்வு நிலைகள் உண்டாகி, கிழக்குக் காற்றே வீசிக்கொண்டிருந்தது. அதனால் இரவும் குளிரவில்லை.

ஆனால் மழை இல்லாததை அதிசயமாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நம் ஊர்க் கணக்கு உங்களை ஏமாற்றிவிட்டது. நமக்கு ஐப்பசி என்றால் அடைமழை. டெல்லியின் ஐப்பசி எந்த ஆண்டும் வறண்டதுதான். அக்டோபர் முழுவதற்கும் வழக்கமான மழையே சுமார் 15 மில்லிமீட்டர். இங்கே ரபி என்னும் குளிர்காலப் பயிர் வானத்தைப் பார்த்து முளைப்பதில்லை. ஆடி, ஆவணியில் பெய்து மண்ணுக்குள் இறங்கிய ஈரமும், விதைப்புக்கு முன்னால் பாய்ச்சும் தண்ணீரும்தான் அதை முளைக்க வைக்கின்றன. இந்தப் பருவமழை டெல்லிக்குக் குறை வைக்கவில்லை. செப்டம்பர் முடிவில் உங்கள் நிலத்திலும் ஒரு சாண் ஆழத்தில் நல்ல ஈரம் இருந்திருக்கும். நன்றாக உழுது பத்து நாள் காயவிட்டேன் என்கிறீர்கள். அந்தப் பத்து நாளில் அந்த ஈரத்தை வெயிலுக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

அப்புறம் உயிர்த் தண்ணீர். முசிறிப் பக்கம் விதைத்த கையோடு ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர் என்பது தலைமுறை வழக்கம். அது அங்கே பலிக்கிறது, ஏனென்றால் சோளமோ பருத்தியோ பார் பிடித்து ஊன்றுகிறோம். தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிறது, விதை பாரின் பக்கவாட்டில் இருக்கிறது, ஈரம் பக்கவாட்டில் ஊறிப் போய்ச் சேருகிறது. நீங்கள் இங்கே சமப் பாத்தியில் கடுகைத் தூவி, அதன் தலை மேலேயே தண்ணீரைக் கட்டியிருக்கிறீர்கள். இந்த வண்டல் மண்ணில் தண்ணீர் வற்றியதும் மேலே பொருக்குத் தட்டும். 35 டிகிரி வெயிலில் அந்தப் பொருக்கு ஓடு மாதிரி இறுகிவிடும். கடுகு விதை எவ்வளவு பெரியது? அதன் முளையால் அந்த ஓட்டை முட்டிக்கொண்டு வர முடியாது. எங்கேயாவது வெடிப்பு இருந்து தலை நீட்டியதும், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் சூட்டில் வெந்துவிடுகிறது. டெல்லிக்கு வந்த முதல் ஆண்டு நானும் இதே தப்பைச் செய்து ஒரு பாத்தி முழுக்க இழந்தேன். அப்போது வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜாட் மூதாட்டி, எல்லோரும் தாயி என்று கூப்பிடுவார்கள், "முதலில் பலேவா, பிறகு விதை" என்று சொன்னார். அதற்குமேல் எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

பலேவா என்றால் விதைப்புக்கு முந்தைய பாசனம். நிலம் முழுக்க ஒரே சீராக, தாராளமாக ஒரு தண்ணீர். அப்புறம் சில நாள் பொறுக்க வேண்டும். ஒரு கைப்பிடி மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டால், சேறாக அப்பாமலும் தூளாகப் போகாமலும் உடைய வேண்டும். நாம் பதம் என்கிறோம், அவர்கள் பத்தர் என்கிறார்கள். அந்தப் பதத்தில் மாலை வேளையில் உழுது, உழுத சூடு ஆறுவதற்குள் பரம்பு அடித்துவிட வேண்டும். சுஹாகா என்று இங்கே சொல்லும் பலகை அதுதான். உழுத மண்ணை ஒரு இரவுகூடத் திறந்து போடக் கூடாது என்பது என் பிடிவாதம். கட்டி கட்டியாகக் கிடக்கும் மண்ணுக்குள் காற்று புகுந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது. பரம்பு அடித்த நிலத்தில் மேலே இரண்டு விரல் கனம் புழுதி மூடிக்கொள்ளும், அதற்குக் கீழே ஈரம் அப்படியே இருக்கும். விதைக் கருவியால் அந்த ஈரத்தில், மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழத்தில் கடுகைப் போட்டால், மேலே என்ன வெயில் அடித்தாலும் முளைத்து வரும். இதற்கு ஏக்கருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ விதை தாராளம். முப்பது ஆண்டாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பரம்புப் பலகைக்கு விளம்பரம் செய்ய யாரும் இல்லாததால் பாட்டிலுக்குக் கிடைக்கும் மரியாதை அதற்குக் கிடைக்கவில்லை. சௌத்ரியிடம் கேட்டுப் பாருங்கள். அவர் செப்டம்பர் கடைசியிலேயே சுஹாகா போட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

நஜஃப்கர் பக்கம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. வளர்ந்த கடுகு உப்பை ஓரளவு தாங்கும், முளைக்கும் கடுகு தாங்காது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது உப்பை மேல்மண்ணிலேயே விட்டுவிட்டுப் போகிறது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பாய்ச்சினால், விதை இருக்கும் இடத்திலேயே உப்பைச் சேர்த்து வைத்த மாதிரி. கனமான பலேவாவோ அந்த உப்பைக் கீழே தள்ளிவிடும். ஆகவே மூன்று நாளைக்கு ஒரு தண்ணீர் என்ற யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். நாளைக் காலை வயலில் வெள்ளை பூத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

டானிக் பாட்டிலைத் திறக்காமல் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். அதில் கடல்பாசிச் சாறோ ஹியூமிக் அமிலமோ இருக்கலாம். இலையே இல்லாத நாற்றுக்கு எதைத் தெளித்து என்ன பயன்? எந்த பாட்டிலும் மண்ணின் சூட்டைத் தணிக்காது. டிஏபி வேண்டுமென்றால் இதையும் வாங்கு என்று தலையில் கட்டுவது அநியாயம். உரம் கிடைக்காமல் விவசாயி வரிசையில் நிற்கும் மாதத்தில் அதைச் செய்வது இன்னும் பெரிய அநியாயம். ஒவ்வொரு பொருளுக்கும் பில் கேளுங்கள். தர மறுக்கிற கடையில் விதைகூட வாங்காதீர்கள். உங்கள் கடுகுக்கு டிஏபி கட்டாயமும் இல்லை. சிங்கிள் சூப்பர் பாஸ்பேட் என்ற உரத்தில் மணிச்சத்தோடு கந்தகமும் 11 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. எண்ணெய் வித்துக்குக் கந்தகம் வேண்டும். டிஏபியில் அது கிடையாது. விலையும் குறைவு. கடைக்காரர்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

சரி, இப்போது கையில் இருப்பதைக் காப்பாற்றுவோம். பாதி முளைத்த ஏக்கரை அழிக்க வேண்டாம். இடம் கிடைத்தால் கடுகு பக்கக் கிளை விட்டு ஓரளவு ஈடு கட்டிவிடும். கும்பலாக முளைத்த இடங்களில் செடிக்குச் செடி 10 முதல் 15 சென்டிமீட்டர் இருக்கும்படி கலைத்துவிடுங்கள். காலையில் இலைகளின் அடியைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பில் ஆரஞ்சும் வெள்ளையும் புள்ளி போட்ட சின்ன நாவாய்ப்பூச்சி இருக்கிறதா? சித்கப்ரா கீடா என்பார்கள். வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். சாற்றை உறிஞ்சி நாற்றை வெளுக்க வைத்துக் கொல்லும். வெயிலில் கருகியது என்று நீங்கள் எழுதியதில் ஒரு பங்கு இதன் வேலையாக இருக்கலாம். விதைத்து நான்கு வாரம் ஆகிவிட்டதால் முதல் பாசனம் இப்போதே கொடுக்கலாம். அந்தத் தண்ணீரிலேயே பூச்சி ஓரளவு அடங்கும். யூரியா மேலுரத்தையும் அதோடு போட்டுவிடுங்கள். அடுத்த தண்ணீர் காய் பிடிக்கும்போதுதான்.

கருகிப்போன ஏக்கரில் மறுபடி கடுகு போடுவதென்றால் தாமத விதைப்புக்கு வந்த பூசா கடுகு 26 மாதிரி ரகம் வேண்டும். அப்படியும் ஜனவரி, பிப்ரவரியில் அசுவினி பிடித்துக்கொள்ளும். நானாக இருந்தால் அந்த ஏக்கரையும் கோதுமைக்கே விட்டுவிடுவேன்.

கோதுமைக்கு இப்போதே அவசரப்பட வேண்டாம். மார்ச் வெயிலை நினைத்துப் பயப்படுவது நியாயமே. 2022 மார்ச்சில் பால் பிடித்த கதிர் சுருங்கியதை எல்லோரும் பார்த்தோம். ஆனால் முந்தி விதைப்பது அதற்கென்றே உருவாக்கிய ரகங்களுக்குத்தான் பொருந்தும். சாதாரண ரகத்தைச் சூடான மண்ணில் போட்டால் தூர் கட்டாமல் அவசரமாகத் தண்டு விட்டு, குளிர் உச்சத்தில் கதிர் தள்ளும். சூட்டில் முளைக்குருத்தின் நீளமும் குறைவதால் ஆழத்தில் விழுந்த விதை மேலே வராது. தேதியைப் பார்க்காமல் வெப்பத்தைப் பாருங்கள். பகல் உச்சத்தையும் இரவுத் தாழ்வையும் கூட்டி இரண்டால் வகுங்கள். பகல் 34, இரவு 18 என்றால் 26 வருகிறது, இன்னும் பொறுக்க வேண்டும். பகல் 30, இரவு 15 ஆகி 22, 23 என்று வந்து நான்கைந்து நாள் நிலைத்தால் விதைக்கலாம். இந்த ஆண்டு அது ஒரு வாரம் தள்ளிப்போகலாம். அந்த ஒரு வாரத்தில் உங்களுக்கு வேலை இருக்கிறது. இன்றே இரண்டு ஏக்கருக்கும் பலேவா விடுங்கள், பதம் வந்ததும் மாலையில் உழுது அன்றைக்கே பரம்பு அடியுங்கள். மக்காத எருமைச் சாணத்தைக் கொட்டாதீர்கள், காய்ந்த மண்ணில் கறையானுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். ஏக்கருக்கு 40 கிலோ விதை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம், 21-ஆம் நாள் முதல் தண்ணீர். உயிர்த் தண்ணீர் கிடையாது.

தண்ணீர் பாய்ச்சும்போது மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகு ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்து, இரண்டு வயலின் மண்ணையும் தனித்தனிப் பையில் எடுத்துக்கொண்டு உஜ்வாவில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்விட்டு வாருங்கள்; உங்களுக்கு அது பக்கம்தான். உப்பளவு என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். கோதுமைக்கு அந்தத் தண்ணீரை எத்தனை தடவை விடலாம் என்பதை அந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.