ஜெஃப் டியூக்: ஆறு உலகப் பட்டங்கள், ஆறு மாதத் தடை (கேள்வி பதில்)

1950களில் மோட்டார் சைக்கிள் சாலைப் பந்தய உலகின் முதல் பெயராக விளங்கியவர் இங்கிலாந்து வீரர் ஜெஃப் டியூக். அவரைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இங்கே.

கேள்வி: சார், எனக்கு ரோஸியையும் மார்க்கேஸையும்தான் தெரியும். இந்த டியூக் யார்? ஏன் இவரைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள்?

தம்பி, நீங்கள் பார்க்கும் மோட்டோ ஜிபி 1949இல் உலக சாம்பியன்ஷிப்பாகத் தொடங்கியது. அதன் இரண்டாவது ஆண்டில் டியூக் உள்ளே வந்தார். அப்போது லங்காஷையரில் இருந்த செயின்ட் ஹெலன்ஸ் என்ற ஊரில் 1923 மார்ச் 29 அன்று பிறந்தவர். 1951இல் 350 சிசி, 500 சிசி பட்டங்கள் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றார். அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. 1952இல் 350 சிசி பட்டம். பிறகு 1953, 1954, 1955 என்று தொடர்ந்து மூன்று முறை 500 சிசி பட்டம். மொத்தம் ஆறு பட்டங்கள், 33 கிராண்ட் பிரீ வெற்றிகள். அந்த நாள்களில் ஒரு பிரிவுக்கு ஆண்டு முழுவதும் ஆறு முதல் ஒன்பது பந்தயங்கள்தான் நடக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: பணக்காரக் குடும்பமா? பந்தயத்துக்கு எப்படி வந்தார்?

இல்லை. அவரை வளர்த்தது ராணுவம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராயல் சிக்னல்ஸ் படைப்பிரிவில், செய்தி கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியராக இருந்தார். போருக்குப் பிறகு டிரையல்ஸ் போட்டிகளில் இறங்கினார். சேறு, பாறை, ஓடை என்று எதன் மேல் போனாலும் காலைத் தரையில் ஊன்றாமல் ஓட்ட வேண்டிய போட்டி அது. வேகத்துக்கு அங்கே வேலையே இல்லை. வண்டியின் எடை எந்தக் கணத்தில் எந்தச் சக்கரத்தின் மேல் இருக்கிறது என்பதை உடம்பு அறிந்திருக்க வேண்டும். பின்னாளில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்திலும் அவர் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டியதற்கு வேர் இந்தச் சேற்றில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நார்ட்டன் நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டதும் டிரையல்ஸ் வேலைக்காகத்தான். 1948இல் மான் தீவில் நடந்த ஜூனியர் மாங்க்ஸ் கிராண்ட் பிரீயில் முன்னணியில் சென்றுகொண்டிருந்தபோது எண்ணெய்த் தொட்டி பிளந்து வெளியேறினார். அடுத்த ஆண்டு சீனியர் கிளப்மேன்ஸ் டிடி, சீனியர் மாங்க்ஸ் கிராண்ட் பிரீ இரண்டையும் வென்றார். (டிடி என்பது ‘டூரிஸ்ட் டிராஃபி’, மான் தீவின் பொதுச் சாலைகளில் நடக்கும் பந்தயம். சீனியர் என்றால் 500 சிசி, ஜூனியர் என்றால் 350 சிசி.) 1950இல் நார்ட்டனின் பந்தய அணியில் இருந்தார்.

கேள்வி: நான் பட்டறை வைத்திருக்கிறேன். நார்ட்டனின் ‘ஃபெதர்பெட்’ ஃபிரேம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் அப்படி என்ன விசேஷம்?

உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதற்கு முன் நார்ட்டன் பந்தய வண்டிகளின் பின்சக்கரம் பிளஞ்சர் அமைப்பில் இருந்தது. அச்சின் இரு பக்கமும் நிற்கும் ஸ்பிரிங் கூடுகளுக்குள் சக்கரம் மேலும் கீழும் போகும். அந்த ஃபிரேம்கள் மான் தீவுச் சாலையின் அடியைத் தாங்காமல் விரிசல் விட்டன. பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கான்ட்லெஸ் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வடிவமைத்தார். இரண்டு நீண்ட குழாய்கள். ஒவ்வொன்றும் எஞ்சினைச் சுற்றி வளைந்து வந்து, ஹேண்டில் கழுத்தருகே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும். பின்னால், சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்ம், அதற்கு ஷாக் அப்சார்பர். எஞ்சினும் ஓட்டுபவரும் சற்று முன்னால் தள்ளி அமர்ந்தார்கள். வளைவில் ஃபிரேம் முறுக்கிக்கொள்வது நின்றது.

இறகு மெத்தையில் படுத்தது போல இருக்கிறது என்று சக வீரர் ஹரால்ட் டேனியல் சொன்னதுதான் பெயராக நிலைத்தது. 1950 ஏப்ரலில் பிளான்ட்ஃபோர்டில் இதன் முதல் பந்தயம். அதை ஓட்டி வென்றவர் டியூக். ஜூன் மாதம் சீனியர் டிடியில் மணிக்கு 92.27 மைல், அதாவது சுமார் 148 கிலோமீட்டர், சராசரி வேகத்தில் பழைய பந்தயச் சாதனையை முறியடித்தார். ஒற்றை சிலிண்டர் எஞ்சின்தான். இத்தாலியர்கள் அப்போதே நான்கு சிலிண்டர் வைத்திருந்தார்கள். நேர்ச்சாலையில் இழந்ததை நார்ட்டன் வளைவில் மீட்டுக்கொண்டது.

கேள்வி: 1950இல் அதிகப் பந்தயங்களை வென்றவர் டியூக், ஆனால் பட்டம் உம்பர்ட்டோ மசெட்டிக்கு. கணக்கு புரியவில்லையே?

அந்த ஆண்டு 500 சிசியில் ஆறு பந்தயங்கள். முதலிடத்துக்கு 8 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 6, பிறகு 4, 3, 2, 1. சிறந்த நான்கு முடிவுகள் மட்டும் கணக்கில் சேரும். டியூக் மான் தீவு, வட அயர்லாந்தின் அல்ஸ்டர், இத்தாலியின் மொன்சா மூன்றையும் வென்று 24 எடுத்தார். ஸ்விட்சர்லாந்தில் நான்காமிடம், 3 புள்ளி. ஆக 27. இத்தாலிய நிறுவனமான கிலேராவின் வீரர் மசெட்டி பெல்ஜியத்தையும் ஹாலந்தையும் வென்றார். ஸ்விட்சர்லாந்திலும் மொன்சாவிலும் இரண்டாமிடம். ஆக 28.

ஒரே புள்ளி. பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் டியூக் எங்கே போனார் என்றால், இரண்டு இடங்களிலும் டயர் கைவிட்டது. புதிய ஃபிரேம் வளைவில் கொடுத்த வேகத்தை அன்றைய ரப்பர் தாங்கவில்லை. இந்த ஆண்டை அவர் தோற்ற ஆண்டாக என்னால் எண்ண முடியவில்லை.

கேள்வி: இன்று எல்லோரும் அணியும் ஒரே துண்டான தோல் உடையைக் கொண்டுவந்தவர் இவர்தானா?

ஆம். அதுவரை தோல் கோட்டும் தோல் கால்சட்டையும் தனித்தனி, காற்றில் படபடக்கும். தம் ஊரில் இருந்த ஃபிராங்க் பார்க்கர் என்ற தையற்காரரிடம் சொல்லி, உடம்போடு ஒட்டிய ஒரே துண்டு உடையைத் தைத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் எல்லோரும் அதற்கு மாறிவிட்டார்கள்.

கேள்வி: நாட்டுக்குப் பெருமை சேர்த்த நார்ட்டனை விட்டுவிட்டு இத்தாலிக்குப் போனது துரோகம் இல்லையா? பணத்துக்காகத்தானே?

அன்று பிரிட்டிஷ் பத்திரிகைகளிலும் இந்தப் பேச்சு எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1952 சீனியர் டிடியில் முன்னணியில் இருந்தபோது கிளட்ச் போயிற்று. அந்த ஆண்டு 500 சிசியில் அவருக்கு ஒரு கிராண்ட் பிரீ வெற்றிகூட இல்லை. ஜெர்மனியின் ஷாட்டன் நகரில் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டதோடு பருவம் முடிந்தது. நார்ட்டனும் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றுக்கு பிஆர்எம் நிறுவனத்துடன் சேர்ந்து முயன்றது. அது பந்தயச் சாலையைப் பார்க்கவே இல்லை. பழைய எஞ்சினை எத்தனை ஆண்டு ஃபிரேமை வைத்தே காப்பாற்ற முடியும்?

இடையில் ஆஸ்டன் மார்ட்டின் அணிக்காகக் கார் பந்தயத்திலும் இறங்கினார். 1953இல் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் பீட்டர் காலின்ஸுடன் சேர்ந்து ஓட்டினார். அங்கே நிலைக்கவில்லை. அதே ஆண்டு மொன்சாவுக்கு அருகே ஆர்கோரேயில் இருந்த கிலேராவில் சேர்ந்தார். அந்த வண்டிக்கு வேகம் இருந்தது, நிதானம் இல்லை. நார்ட்டனில் கற்றதை வைத்து ஃபிரேமை எப்படி மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னார். இத்தாலியர்களும் காது கொடுத்துக் கேட்டார்கள். அந்த ஆண்டு தொடங்கி மூன்று பருவங்களில் 500 சிசியில் 13 கிராண்ட் பிரீ வெற்றிகள். பணம் கிடைத்தது உண்மை. ஆனால் வண்டியையும் மேம்படுத்திக் கொடுத்த ஒருவரைப் பணத்துக்குப் போனவர் என்று மட்டும் சொல்வது நியாயம் இல்லை.

கேள்வி: மான் தீவில் முதல் முறை 100 மைல் வேகத்தில் சுற்றியவர் டியூக் என்று சில இடங்களிலும், பாப் மெக்கின்டயர் என்று சில இடங்களிலும் படித்தேன். எது சரி?

மெக்கின்டயர்தான். 1955 சீனியர் டிடியில் டியூக் ஒரு சுற்றை முடித்தபோது 100 மைல் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கூட்டம் கொண்டாடியது. சற்று நேரத்தில் திருத்தம் வந்தது: 99.97 மைல். சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுற்றுக்கு 22 நிமிடத்துக்கு மேல் ஆகும். 100ஐத் தொட அதில் ஒரு நொடிகூடக் குறைக்கத் தேவைப்படவில்லை, அரை நொடி போதும். பந்தயத்தை அவர்தான் வென்றார். இரண்டு ஆண்டு கழித்து 1957இல், அதே கிலேரா நிறுவனத்தின் வண்டியில் மெக்கின்டயர் 100ஐத் தாண்டினார். அந்த வண்டி அப்படி உருவானதில் டியூக்குக்கும் பங்கு உண்டு.

கேள்வி: தலைப்பில் ‘ஆறு மாதத் தடை’ என்கிறீர்கள். உலக சாம்பியனுக்கு எதற்குத் தடை? ஊக்க மருந்தா?

இல்லவே இல்லை. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

அன்றைய பந்தய உலகில் இரண்டு வகுப்பு இருந்தது. ஒன்று டியூக் போன்றவர்கள். நிறுவனமே வண்டியும் சம்பளமும் கொடுக்கும். மற்றொன்று தனி வீரர்கள். சொந்தக் காசில் நார்ட்டனோ ஏஜேஎஸ்ஸோ வாங்கி, ஒரு பழைய வேனில் ஏற்றிக்கொண்டு, அந்த வேனிலேயே சமைத்து, படுத்து, ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு நாட்டுக்குப் போவார்கள். பந்தயம் நடத்துபவர்கள் தரும் ‘தொடக்கப் பணம்’தான் அவர்களுக்குப் பெட்ரோல், டயர், சாப்பாடு எல்லாம். டிக்கெட் வாங்கிக்கொண்டு பெருங்கூட்டம் உள்ளே வரும். களத்தை நிரப்பும் இவர்களுக்குக் கிடைப்பதோ மிகச் சொற்பம்.

1955இல் ஹாலந்தின் ஆசன் நகரில் பொறுமை உடைந்தது. 350 சிசி பந்தயத்தில் தனி வீரர்கள் பலர் ஒரே ஒரு சுற்று மெதுவாக ஓட்டிவிட்டு வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அடுத்து 500 சிசி. பணத்தை உயர்த்தாவிட்டால் அதிலும் இதுதான் நடக்கும் என்ற நிலை. அப்போது கிலேராவின் டியூக்கும் அவருடைய அணித் தோழர், அயர்லாந்துக்காரர் ரெக் ஆம்ஸ்ட்ராங்கும் தனி வீரர்களின் பக்கம் நின்றார்கள். நடத்துபவர்கள் இறங்கி வந்தார்கள். பந்தயம் நடந்தது, டியூக் வென்றார்.

அவருக்கு அந்தப் பணத்தில் ஒரு காசு தேவையில்லை. வாய் திறக்காமல் இருந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆண்டு முடிவில் உலகச் சம்மேளனமான எஃப்ஐஎம் தண்டனை அறிவித்தது: டியூக், ஆம்ஸ்ட்ராங், தனி வீரர்கள் பலருக்கு 1956 ஜனவரி முதல் ஆறு மாதம் தடை. நடப்பு உலக சாம்பியன் தம் பட்டத்தைக் காக்கக் களத்தில் இறங்க முடியவில்லை. அவருடைய ஆறு பட்டங்களையும் விட, இந்தத் தடைதான் அவர் மேல் எனக்கு மதிப்பைக் கூட்டுகிறது.

கேள்வி: தடை இல்லாவிட்டாலும் 1956 பட்டம் ஜான் சர்டீஸுக்குத்தான் போயிருக்கும் என்று நான் சொல்வேன். மறுப்பீர்களா?

முழுமையாக மறுக்க மாட்டேன். எம்வி அகஸ்டா என்ற இத்தாலிய நிறுவனத்தின் வண்டியில் வந்த சர்டீஸ், டியூக் இல்லாத மான் தீவையும் ஆசனையும் வென்றார். தடை முடிந்து ஜூலையில் பெல்ஜியத்துக்கு வந்த டியூக் முன்னணியில் ஓடியபோது எஞ்சின் போயிற்று; அதையும் சர்டீஸ் வென்றார். அடுத்து ஜெர்மனியில் சர்டீஸ் விழுந்து கையை முறித்துக்கொண்டார். கதவு மறுபடி திறந்தது. ஆனால் டியூக் ஜெர்மனியிலும் அல்ஸ்டரிலும் பந்தயத்தை முடிக்கவில்லை. மொன்சாவை மட்டும் வென்றார். கிலேராவின் எஞ்சினும் அந்த ஆண்டு அவரைக் கைவிட்டது. என்றாலும் ஆறு பந்தயங்களில் இரண்டைக் கைகட்டிப் பார்த்தவரையும் தடை ஏதும் இல்லாதவரையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அந்தக் காலத்தில் நிறைய வீரர்கள் இறந்தார்களாமே? இவர் எப்படித் தப்பினார்?

1953 சீனியர் டிடியில் முதல் உலக 500 சிசி சாம்பியன் லெஸ் கிரஹாம் பிரே ஹில் சரிவில் இறந்தார். அதே பந்தயத்தில் முன்னணியில் இருந்த டியூக்கும் குவார்ட்டர்பிரிட்ஜில் விழுந்தார். அங்கே வேகம் குறைவு. அன்று வென்ற ரே ஆம், 1955இல் இமோலாவில் இறந்தார். டியூக்கின் நார்ட்டன் தோழர் ஆர்ட்டி பெல்லின் பந்தய வாழ்க்கை 1950இல் பெல்ஜியத்து விபத்தோடு முடிந்துவிட்டது. டியூக்கும் 1957இன் தொடக்கத்தில் இமோலாவில் விழுந்து தோளைக் காயப்படுத்திக்கொண்டு பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார். அவர் தம் திறமையின் எல்லைக்குச் சற்று உள்ளேயே ஓட்டினார் என்று சொல்வதுண்டு. அதோடு அதிர்ஷ்டமும் இருந்தது. அதை மறைத்துப் பேசினால் இறந்தவர்கள் திறமையில் குறைந்தவர்கள் என்றாகிவிடும்.

கேள்வி: கடைசி வெற்றி எது? ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

1957 முடிவில் கிலேரா பந்தயத்திலிருந்து விலகியது. 1958இல் பிஎம்டபிள்யூவை முயன்றார், ஒத்துவரவில்லை. அதே ஆண்டு ஸ்வீடனில் பழைய நார்ட்டனிலேயே 350, 500 இரண்டையும் வென்றார். கிராண்ட் பிரீ வெற்றிகளில் அவையே கடைசி. 1959க்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் போட்டியிடவில்லை.

1963இல், ஐந்து பருவங்களாக மூடிக் கிடந்த கிலேரா வண்டிகளை வெளியே எடுக்க வைத்து, ‘ஸ்குடேரியா டியூக்’ என்று தம் பெயரிலேயே அணி அமைத்தார். டெரெக் மின்டர், ஜான் ஹார்ட்டில், பிறகு ஃபில் ரீட் ஓட்டினார்கள். எம்வியில் மைக் ஹெயில்வுட் வென்ற சீனியர் டிடியில் ஹார்ட்டில் இரண்டாவது, ரீட் மூன்றாவது. ஆசனில் ஹெயில்வுட் வெளியேற, ஹார்ட்டில் வென்றார். மின்டர் மே மாதமே பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் காயமடையாமல் இருந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. அணி ஓர் ஆண்டோடு முடிந்தது.

மான் தீவிலேயே குடியேறித் தொழில் செய்தார். தீவுக்குக் கப்பல் விட்ட மாங்க்ஸ் லைன் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2015 மே 1 அன்று, 92 வயதில், அங்கேயே காலமானார். மலைப் பாதையில் 32ஆவது மைல் அருகே அடுத்தடுத்து வரும் மூன்று இடது வளைவுகளுக்கு இப்போது அவர் பெயர். டிடி காணொளிகளில் ‘டியூக்ஸ்’ என்று கேட்டால் அந்த இடம்தான்.