மெட்ஃபார்மின் பீக் ஏன் புதைகிறது?

அன்புள்ள ஐயா,

மனித பிளாஸ்மாவில் மெட்ஃபார்மின் என்னும் நீரிழிவு மருந்தை ஹெச்பிஎல்சி-யில் (கலவையைக் குழல் வழியே செலுத்திப் பிரித்து அளக்கும் கருவி) அளக்க முயல்கிறேன். கொழுப்புத் தன்மையுள்ள பரப்பு கொண்ட சி18 குழல், அதில் ஓடும் திரவமாக (மொபைல் ஃபேஸ்) பாஸ்பேட் பஃபரும் அசிட்டோநைட்ரைலும், அளக்கும் ஒளி 234 நானோமீட்டர். தண்ணீரில் கரைத்தால் வரைபடத்தில் நல்ல பீக் (கூர்முனை). பிளாஸ்மாவில் கலந்தால் ஒன்றரை நிமிடத்தில் எழும் பெரிய மேட்டுக்குள் புதைந்துவிடுகிறது. அளவீட்டுக் கோட்டில் ஆர் (ஒட்டுறவுக் கெழு) 0.999 வந்தும், குறைந்த செறிவுகள் 40 சதவீதம் கூடுதலாகக் காட்டுகின்றன. புரதம் நீக்குவதில் தவறு செய்கிறேனா?

ஓர் ஆய்வு மாணவர்

அன்புள்ள மாணவருக்கு,

புரத நீக்கத்தில் தவறில்லை. மெட்ஃபார்மின் வலுவான காரம். நீங்கள் வைக்கும் எந்த பிஹெச்சிலும் நேர்மின் சுமையோடுதான் இருக்கும். தண்ணீரை விட்டு சி18-இன் கொழுப்புப் பரப்புக்கு வராது. அதனால் பிளாஸ்மாவின் உப்பு, யூரியா எல்லாம் வெளியேறும் அதே நேரத்தில் இதுவும் வெளியேறுகிறது. அசிட்டோநைட்ரைலைக் குறைத்துப் பார்ப்பதால் பெரிய பலன் இருக்காது.

அதைக் குழலில் தங்கவைக்க, எதிர்மின் சுமையுள்ள ஒரு துணை அயனி வேண்டும். 40 சதவீதம் அசிட்டோநைட்ரைல், துணை அயனி தரும் சோடியம் டோடெசில் சல்பேட் 10 மில்லிமோலார், சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 10 மில்லிமோலார், பிஹெச் 5 அருகில் என்று தொடங்குங்கள். இங்கே பொட்டாசியம் பாஸ்பேட்டைத் தொடவே கூடாது. பொட்டாசியம் டோடெசில் சல்பேட் சரியாகக் கரையாது; வெண்படிவமாக இறங்கி குழலின் வாயை அடைக்கும், பம்ப் அழுத்தம் ஏறும். பிஹெச் திருத்தவும் சோடியம் ஹைட்ராக்சைடுதான். துணை அயனி குழலில் படிந்து நிலைக்க நேரமாகும்: அடுத்தடுத்த இரண்டு ஊசிகளில் பீக் ஒரே நிமிடத்தில் வரும்வரை ஓடவிடுங்கள். அந்தக் குழலை இந்த வேலைக்கே ஒதுக்கிவிடுங்கள். முழுதாகக் கழுவிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம்.

200 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவுக்கு 600 மைக்ரோலிட்டர் அசிட்டோநைட்ரைல் ஊற்றி, கலக்கி, மையவிலக்கில் சுழற்றுகிறீர்கள் அல்லவா? அந்தத் தெளிவை அப்படியே ஊசியில் ஏற்றினால், மொபைல் ஃபேஸைவிட வலிமையான கரைப்பான் உள்ளே போய் பீக் அகலும், சில நேரம் இரண்டாகப் பிளக்கும். தெளிவோடு இரண்டு மடங்கு டைகுளோரோமீத்தேன் சேர்த்துக் குலுக்கி மறுபடி சுழற்றுங்கள். அசிட்டோநைட்ரைலும் கொழுப்பும் கீழ் அடுக்குக்குப் போகும். மெட்ஃபார்மின் மேலே மெல்லிய நீரடுக்கில் தங்கும். நைட்ரஜனில் உலர்த்தும் வேலை மிச்சம். ஆனால் ஒப்பிட்டு அளக்க நீங்கள் எல்லா மாதிரியிலும் ஒரே அளவில் சேர்க்கும் உள்நியமமும் நீரடுக்கில் நிற்கிறதா என்று முதலில் சோதியுங்கள். கீழே போய்விட்டால் விகிதமே பொய்யாகிவிடும்.

ஆர் 0.999 என்பதை நம்பி இருக்காதீர்கள். எடையிடாத நேர்கோட்டை உயர் செறிவுப் புள்ளிகள் தம் பக்கம் இழுத்துக்கொள்கின்றன. அடியில் சின்ன விலகலும் பெரிய சதவீதமாகத் தெரிகிறது. 1/எக்ஸ்² எடை (எக்ஸ் என்பது செறிவு) கொடுத்து, ஒவ்வொரு புள்ளியையும் திரும்பக் கணக்கிட்டுப் பாருங்கள். உயிர்மாதிரி அளவீட்டு முறைகளுக்கான பன்னாட்டு வழிகாட்டி ஐசிஹெச் எம்10 கேட்பது அதைத்தான்: விலகல் அடி எல்லையில் 20 சதவீதத்துக்குள், மற்றவற்றில் 15-க்குள். எடை போட்டும் அடியில் கூடுதலாகவே வந்தால் வெற்று பிளாஸ்மாவை ஓட்டுங்கள். அந்த இடத்தில் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கும்.

நியமக் கரைசல் ஹைட்ரோகுளோரைடு உப்பில் செய்தது என்றால், உப்பின் எடையில் மெட்ஃபார்மினின் பங்கைப் பெற 0.78-ஆல் பெருக்கினீர்களா?

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒன்று: சிவப்பணுக்கள் மெட்ஃபார்மினை மெதுவாக வாங்கி, மெதுவாகவே விடும். மருந்து கொடுத்துப் பல மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் பிளாஸ்மாவைவிட அவற்றுக்குள் அதிகம் இருக்கும். சிவப்பணுக்கள் உடைந்து இளஞ்சிவப்பாகத் தெரியும் பிளாஸ்மா மாதிரியில் அந்த மருந்தும் கலந்திருக்கும். இரத்தம் எடுத்தவுடன் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள். சிவந்த மாதிரிகளைத் தனியே குறித்து வையுங்கள்.