‘100 ஆண்டு வெள்ளம்’ என்றால் 100 ஆண்டுக்கு ஒருமுறைதான் வருமா?

இல்லை. மலேசியாவில் தோட்டத்தை அழித்து எழுப்பிய தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) வீடு வாங்குகிறவர்கள், “100 ஆண்டு வெள்ளம் வந்தால்தான் இங்கே தண்ணீர் ஏறும்” என்று கேட்டதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த அளவு வெள்ளம் எந்த ஒரு வருடத்திலும் வர 100-ல் 1 வாய்ப்பு உண்டு என்பதுதான் அதன் பொருள். ஜே.பி.எஸ். எனும் நீர்ப்பாசன, வடிகால் துறை வடிகால்களைத் திட்டமிடுவதும் இந்த மாதிரிக் கணக்கை வைத்துத்தான்.

ஒரு குடத்தில் 100 புளியங்கொட்டை, ஒன்றில் மட்டும் சுண்ணாம்புப் பொட்டு. வருடத்துக்கு ஒருமுறை கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பக் குடத்திலேயே போட வேண்டும். பொட்டு வைத்தது இந்த வருடம் கையில் வந்தாலும், அடுத்த வருடம் உள்ளே அதே 100 கொட்டைதான்.

35 வருட வீட்டுக் கடன் என்றால் 35 முறை குடத்தில் கை விடுகிறோம். கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அந்த வெள்ளம் வர ஏறக்குறைய 30 விழுக்காடு வாய்ப்பு. சின்ன எண்ணா இது?

இந்தக் கணக்கு பழைய மழைப் பதிவுகளிலிருந்து வருவது. செம்பனை நின்ற மண் உறிஞ்சிய தண்ணீர், சிமெண்டும் தாரும் போட்டபின் நேராகக் கால்வாய்க்கு ஓடுகிறது. அப்புறம் பழைய கணக்கு எப்படிப் பொருந்தும்? வீடு வாங்குமுன், அங்கே பழைய லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த பெரியவர்களிடம், தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று கேளுங்கள். வீட்டுக்கு எடுக்கும் சாதாரண தீ காப்புறுதியில் வெள்ளச் சேதம் சேராது. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

“போன வருடம்தானே வந்தது, இனிப் பேரன் காலத்தில்தான்” என்று பலர் நம்புகிறார்கள். போன வருட வெள்ளம் இந்த வருட வாய்ப்பைக் கொஞ்சமும் குறைப்பதில்லை.