பதில்: பாதுகாப்புக் குழு கூடுகிறது, ஆனால் ஒன்றும் நடப்பதில்லை

உங்கள் கல்லூரியின் பாதுகாப்புக் குழு கூடியும் ஒன்றும் நடப்பதில்லை, குழுவில் எல்லாருமே துறைத் தலைவர்கள், வேதியியல் ஆய்வகத்தின் ஃபியூம் ஹூட் (நச்சுப் புகையை வெளியே இழுக்கும் கூண்டு) மாதக்கணக்கில் ஓடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் ஆட்களை மாற்றுங்கள். பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் (1948) 41ஜி பிரிவு, அபாயகரமான தொழிற்சாலைகளின் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் இருக்கச் சொன்னது. அது கல்லூரிக்கான சட்டம் இல்லைதான், ஆனால் அந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆய்வக உதவியாளர், எலக்ட்ரீஷியன், விடுதிச் சமையல்காரர், துப்புரவுப் பணியாளர் எல்லாரும் உள்ளே வரணும், ஒப்பந்த ஆட்கள் என்று தயவுசெய்து ஒதுக்காதீர்கள், கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் அனுப்பப்படுவது அவர்கள்தான் (பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம்). அப்புறம், செலவுக்குக் கையெழுத்துப் போடக்கூடிய ஒருவர் கட்டாயம் உட்கார வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி. ஹூட் சரியாகும்வரை அமிலத்தைச் சூடாக்கும் பரிசோதனைகளை நிறுத்தச் சொல்லி கல்லூரி முதல்வருக்கு இன்றே எழுதிக் கொடுங்கள், அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டாம்.