ஸ்ட்ரைக்கர் பிஸ்டலை ரேஞ்சில் சோதிப்பது: கேள்வி பதில்

இன்று 9 மி.மீ. ஸ்ட்ரைக்கர் பிஸ்டல்கள் மட்டும். அதாவது வெளியே சுத்தியல் இல்லாமல், ஸ்லைடுக்குள் (மேலே முன்பின் ஓடும் பாகம்) இருக்கும் ஊசியே ஸ்பிறிங்கின் தள்ளலில் பாய்ந்து பிரைமரை (ரவையின் அடியில் தீ மூட்டும் சின்ன மூடி) தட்டும் வகை. அனுமதிப்பத்திரம் எடுப்பது, புதுப்பிப்பது பற்றி எழுதியிருப்பவர்கள் பாதுகாப்பு அமைச்சிடம் நேரே கேளுங்கள். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்கு வெளியே ஒருவரும் இங்கே வழி சொல்ல முடியாது.

வெள்ளவத்தையிலிருந்து: எங்கள் சுடுதல் கழகத்துக்கு, ஏற்கெனவே பாவித்த பிஸ்டல் ஒன்று எடுக்க யோசிக்கிறோம் அண்ணா. முதல் நாள் ரேஞ்சில் எதையெதைப் பார்க்க வேண்டும்?

முதல் அரைமணி நேரம் ரவை (தோட்டா) பெட்டியைத் திறக்கவே வேண்டாம். மகசினை (பிடிக்குள் செருகும் ரவைக்கூடு) கழற்றுங்கள், ஸ்லைடைப் பின்னே பூட்டுங்கள், சேம்பரை (குழலின் பின்பக்கம் ரவை உட்காரும் இடம்) கண்ணால் பாருங்கள், பிறகு சின்னவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மகசின் உள்ளே இருக்க ஸ்லைடை இழுத்தால் ஒரு ரவை வெளியே விழும், அடுத்தது சேம்பருக்குள் ஏறிவிடும்.

குழலின் வாய் இலக்குப் பக்கம் இருக்க, வெறும் துவக்கில் ட்ரிகரை அழுத்துங்கள். அழுத்தியபடியே பிடித்துக்கொண்டு ஸ்லைடை முழுதாக இழுத்து விடுங்கள். இனி விரலை மெல்லத் தளர்த்தினால் ஒரு 'கிளிக்' கேட்கும், கையிலும் தெரியும். அதுதான் ரீசெட். அங்கிருந்து மறுபடி அழுத்தினால் ஊசி விழ வேண்டும். ட்ரிகரின் நடுவில் தனி நாக்கு இருந்தால், அதைத் தொடாமல் ஓரத்தை மட்டும் அழுத்திப் பாருங்கள். ட்ரிகர் அசையக் கூடாது. அசைந்தால் அந்த பிஸ்டலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து ஸ்லைடைக் கழற்றுங்கள். க்ளொக் (ஒஸ்திரியத் தயாரிப்பு) போன்றவற்றில் கழற்றுவதற்கே ட்ரிகரை அழுத்த வேண்டியிருப்பதால், அதற்கு முன் சேம்பரை இன்னொரு தடவை பாருங்கள். கழற்றும்போது வெடித்த துவக்கு எல்லாம் 'வெறும்' என்று நம்பப்பட்டதுதான். கையிலுள்ள ஸ்லைடில் ஊசியின் பின்காலைக் கொஞ்சம் இழுத்து முன்னே தள்ளினால் முனை வெளியே வரக் கூடாது. ஊசித் தடையின் (ட்ரிகரை அழுத்தும்வரை ஊசியை மறித்து நிற்பது) சின்னக் குமிழை அமுக்கினால் மட்டும் வர வேண்டும். குமிழை அமுக்கியபடி ஸ்லைடைக் குலுக்குங்கள். ஊசி தடையில்லாமல் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஊசிக் குழாய் அழுக்கு.

ஸ்லைடை முன்னே தள்ளும் ரீகொயில் ஸ்பிறிங்கைச் சோதிக்க: வெறும் பிஸ்டலின் வாயை 45 பாகை மேலே வைத்து, ட்ரிகரை அழுத்திப் பிடித்து, ஸ்லைடை இழுத்துக் கையாலேயே மெல்ல முன்னே விடுங்கள். முழுதாகப் பூட்டாமல் நின்றால் ஸ்பிறிங் களைத்துவிட்டது.

இப்போது சுடலாம். மணல் மூட்டையில் ஊன்றி, 15 மீற்றரில், தாளுக்கு 5 ரவை வீதம் (அதுதான் ஒரு குரூப்) நான்கு தாள். மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்புக்கு விளிம்பு அளந்து 9 மி.மீ. கழித்தால் நடுவுக்கு நடு அளவு வரும். நான்கின் சராசரியை எடுங்கள். ஆகச் சின்ன குரூப்பை மட்டும் படம் பிடித்துக் காட்டுகிறவர் தன்னையே ஏமாற்றுகிறார். சேவைப் பிஸ்டல் 25 மீற்றரில் 10 செ.மீ., அதாவது 15 மீற்றரில் 6 செ.மீ., போட்டால் தாராளம்.

மகசின்களுக்குப் பேனாவால் இலக்கம் போடுங்கள். ஒரே இலக்கத்தில் திரும்பத் திரும்பச் சிக்கினால் பிழை மகசினில். மொத்தம் 200 ரவை, ஒரே தயாரிப்பு, சிக்கல் ஒவ்வொன்றையும் அந்த இடத்திலேயே எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்றால் மறந்துவிடும்.

கொட்டாஞ்சேனை: வலக்கைக்காரன். எல்லாம் இடப்பக்கம் கீழே விழுகிறது. பின் சைட்டை (குறிபார்க்கும் மேடு) நகர்த்தட்டா?

வேண்டாம் தம்பி. உங்கள் பிஸ்டலை இன்னொருவர் ஊன்றிச் சுட்டுப் பார்க்கட்டும். அவருக்கு நடுவில் விழுந்தால் பிழை சைட்டில் இல்லை. வெடிக்கப் போகிறது என்று கை முன்கூட்டியே குனிகிறது. நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் மகசினில் இரண்டு டம்மி (வெடிக்காத) ரவை கலந்து தரட்டும். டம்மியில் ட்ரிகர் விழும்போது வாய் தாழ்வதை நீங்களே காண்பீர்கள்.

ஊன்றிச் சுட்டும் உயரம் தவறினால் மட்டும் கணக்குப் போடுங்கள்: தவறிய அளவை இரு சைட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தால் பெருக்கி, இலக்குத் தூரத்தால் வகுக்க வேண்டும். 15 மீற்றரில் 50 மி.மீ. மேலே, சைட் இடைவெளி 165 மி.மீ. என்றால் 0.55 மி.மீ. உயரமான முன் சைட் வேண்டும்.

மட்டக்குளி: பத்துக்கு ஒன்று வெடிக்கவில்லை. மழைக்காலம் என்று நன்றாக எண்ணெய் விட்டுத்தான் வைத்திருந்தேன்.

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஊசிக் குழாய்க்குள் எண்ணெய் கூடாது, ஒரு துளியும் கூடாது. எண்ணெயில் பித்தளைத் தூளும் கரியும் ஒட்டிக் கூழாகி ஊசியின் வேகத்தைக் குறைக்கும். ஸ்லைடைப் பிரித்து, குழாயைக் கரைப்பான் தொட்ட பஞ்சால் துடைத்து, உலரவிட்டுப் பூட்டுங்கள். வெடிக்காத ரவையை உடனே வெளியேற்ற வேண்டாம். வாயை இலக்கில் வைத்து 30 செக்கன் காத்திருங்கள், தாமதித்து வெடிக்கலாம். பிறகு பிரைமரைப் பாருங்கள்: பள்ளம் ஆழமில்லை என்றால் ஊசிப் பக்கம், ஆழமாகவே இருந்தால் ரவைப் பக்கம் பிழை. சத்தம் மட்டும் மந்தமாகக் கேட்டால் அடுத்ததைச் சுடவே வேண்டாம். சன்னம் (ரவையிலிருந்து பாயும் குண்டு) குழலுக்குள் நின்றிருக்கலாம்.

பம்பலப்பிட்டி: க்ளொக் சுட்ட கோதின் (வெற்று ரவை ஓடு) பிரைமரில் நீள்சதுர வடு இருக்கிறது. உடைவா?

இல்லை. அதன் ஊசித் துவாரமே அந்த வடிவம்.

தெஹிவளை: க்ளொக்கில் ஊசி பாதிதான் இழுபட்டிருக்கும், சிக் நிறுவனத்தின் பி320இல் முழுதாக இழுபட்டிருக்கும். ஆகவே இரண்டாவது ஆபத்தானது, சரிதானே ஐயா?

முன்பாதி சரி, முடிவு அவசரம். 2017இல் பி320 குறிப்பிட்ட கோணத்தில் பின்பக்கமாக விழுந்தபோது வெடித்தது என்று பேச்சு எழுந்தது. அங்கே பாரமான ட்ரிகர் விழுந்த அதிர்வில் தன் எடையாலேயே பின்னே போனதுதான் விஷயம். அதே ஆண்டில் நிறுவனம் இலேசான ட்ரிகரோடு மாற்றம் செய்துகொடுத்தது. ஆகவே பாவித்த பி320 எடுப்பவர் முதலில் அந்த மாற்றம் நடந்ததா என்று உறுதிப்படுத்த வேண்டும்.

வத்தளை: தெஹிவளை நண்பருக்கு ஒரு வார்த்தை. கையால் போட்டெடுக்கும் தனிப் பாதுகாப்புப் பூட்டு இருந்தால் இந்தக் கதையே வராது. பூட்டில்லாத பிஸ்டலை ரேஞ்சுக்குள் விடவே கூடாது.

தெஹிவளை: பூட்டை நம்பித்தான் ட்ரிகரில் விரல் வைக்கிறார்கள்!

இரண்டு பேரும் வேறுவேறு விபத்தைப் பற்றிக் கதைக்கிறீர்கள். விழுந்து வெடிப்பதைத் தடுப்பது உள்ளே இருக்கும் ஊசித் தடை. விரலோ சட்டை நுனியோ ட்ரிகரில் பட்டு வெடிப்பதைத் தடுப்பது பூட்டு. அமெரிக்க இராணுவத்தின் எம்17 பி320 வகைதான், அதில் பூட்டு இருக்கிறது. 1982இல் ஒஸ்திரிய இராணுவம் எடுத்த க்ளொக்கில் இல்லை. கழகத்துக்கு என் தெரிவு: புதியவர்கள் பல பேர் மாறிமாறிப் பிடிக்கும் பிஸ்டலுக்குப் பூட்டு நல்லது, ஆனால் எல்லாப் பிஸ்டலிலும் அது ஒரே இடத்தில், ஒரே திசையில் இருக்க வேண்டும். கலந்து வைப்பதுதான் கெடுதி.

வத்தளை: அப்போ நான் சொன்னது சரி.

பாதி.

கொள்ளுப்பிட்டி: க்ளொக்கா, செக் நாட்டுச் சிஸட்டா (CZ)?

கைக்குப் பொருந்துவது. இதே கேள்வி இன்னும் நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது, எல்லோருக்கும் இதுவே.

மருதானை: ட்ரிகரை 1 கிலோவுக்கு இலேசாக்கலாமா?

1000 கிராம் என்பது சர்வதேசச் சுடுதல் சம்மேளனத்தின் 25 மீற்றர் பிஸ்டலுக்கான குறைந்த எல்லை. அந்தப் பிஸ்டல்கள் அதற்கென்றே செய்தவை. உங்களுடையது சுமார் 2.5 கிலோவுக்குச் செய்தது. ஸ்ட்ரைக்கர் ஸ்பிறிங்கை மெலிதாக்கினால் ட்ரிகரும் இலேசாகும், ஊசியின் அடியும் இலேசாகும். பிறகு மட்டக்குளிக்காரரின் கேள்வியோடு வருவீர்கள்.

கல்கிசை: கடற்காற்றில் துரு பிடிக்கிறது. ஊசிக்கு எந்த எண்ணெய் நல்லது?

ஊசிக்கு எண்ணெய் இல்லை. மேலே எழுதியிருக்கிறேன். குழலின் வெளிப்புறத்திலும், ஸ்லைடு ஓடும் நான்கு தண்டவாளத்திலும் ஒவ்வொரு துளி, ஸ்லைடின் வெளிப்பக்கத்தில் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொதி இரண்டு போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.