ஆயிரம் பவுண்டு என்பது விற்பனைக் கணக்கு, லாபக் கணக்கு அல்ல

கேள்வி: வேல்ஸில் கார்மார்த்தன்ஷயர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கணவர் மருத்துவமனையில் நர்ஸ். நான் துணைவர் விசாவில் வந்தவள். வேறு வேலை இல்லை. பக்கத்துப் பண்ணைகளில் ஆட்டுரோமம் வாங்கி, நானே நூற்று, சாயமேற்றி, வீட்டுத் தறியில் சால்வையும் கழுத்துத் துண்டும் நெய்கிறேன். போன வரியாண்டில் கைவினைச் சந்தைகளில் 900 பவுண்டுக்கும், எட்ஸி என்ற இணையச் சந்தையில் 740 பவுண்டுக்கும் விற்றேன். ரோமம், சாயம், சந்தையில் மேஜை வாடகை, தபால் எல்லாம் 1,150 போக, கையில் நின்றது 490தான். ஆயிரத்துக்குள் இருந்தால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம் என்கிறார்கள். இப்போது எட்ஸி என் நேஷனல் இன்ஷூரன்ஸ் (அரசு ஓய்வூதியத்துக்கான காப்பீடு) எண்ணைக் கேட்கிறது. சந்தையில் அறிமுகமான ஒருவர் 180 பவுண்டு கொடுத்தால் எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்கிறார். விசாவுக்கு ஏதாவது ஆபத்து வருமா?

பதில்: வராது. துணைவர் விசாவில் சுயதொழிலுக்குத் தடை இல்லை. நீங்கள் சொல்லும் கணக்குப்படி கட்ட வேண்டிய வரியும் பூஜ்யம். ஆனால் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்த 180 பவுண்டை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நாலு பேர் சொன்ன அந்த ஆயிரம், கையில் நிற்கும் பணத்துக்கான வரம்பு அல்ல. ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை விற்று வந்த மொத்தப் பணத்துக்கான வரம்பு. வாங்குபவர் கொடுத்த தபால் செலவும் அதில் சேரும். எட்ஸி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புகிறது. நீங்கள் எழுத வேண்டியது பிடிப்பதற்கு முந்தைய தொகை. 740 என்பது வங்கியில் வந்து விழுந்த தொகையா, வாங்கியவர்கள் கொடுத்த தொகையா என்று ஒருமுறை பாருங்கள். எப்படியும் உங்கள் விற்பனை 1,640க்குக் குறையாது. வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். ஆகவே அந்த ஏப்ரல் 5க்குப் பின் வரும் அக்டோபர் 5க்குள் பிரிட்டன் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யிடம் செல்ஃப் அசெஸ்மென்ட்டுக்கு, அதாவது வரிக் கணக்கை நீங்களே தாக்கல் செய்யும் முறைக்கு, பதிய வேண்டும். அடுத்த ஜனவரி 31க்குள் இணையத்தில் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும்.

தாக்கலில் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று, ரசீதே காட்டாமல் ஆயிரத்தைக் கழிப்பது: 640 மிஞ்சும். மற்றது, உண்மையான செலவைக் கழிப்பது: 490 மிஞ்சும். இரண்டையும் சேர்த்துக் கழிக்க முடியாது. உங்களுக்கு இரண்டாவது லாபம். எந்த வழியில் போனாலும் 12,570 பவுண்டு வரை வருமான வரி கிடையாது என்பதால் கட்ட வேண்டியது சைபர். பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்ல வேண்டியவர்கள் லண்டனில் இருக்கிறார்கள். ஒரு காசு வரி இல்லாவிட்டாலும் தாக்கல் ஒருநாள் பிந்தினால் 100 பவுண்டு அபராதம் என்பது மட்டும் நிச்சயம்.

எட்ஸி எண் கேட்பதில் மர்மம் ஒன்றுமில்லை. 2024 ஜனவரி முதல் இணைய விற்பனைத் தளங்கள் விற்பவர்களின் விவரங்களைத் திரட்ட வேண்டும் என்பது சட்டம். ஆண்டில் 30 விற்பனைக்குக் குறைவாகவும் 2,000 யூரோவுக்கு மிகாமலும் இருந்தால் அவர்கள் அரசுக்கு அனுப்புவதில்லை. நீங்கள் சின்னச் சின்னச் சாமான் விற்பவர், முப்பதைத் தாண்டியிருக்கலாம். எதுவானாலும் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தொடாமல், நேராக உங்கள் கடைக் கணக்குக்குள் போய்க் கொடுங்கள்.

இனி அந்த 180 பவுண்டு ஆள். இவரைப் போன்றவர்களை நான் நிறையவே பார்த்துவிட்டேன். பதிவுக்கு அரசு ஒரு பென்னிகூட வாங்குவதில்லை. தேடுபொறியில் மேலே வந்து நிற்கும் விளம்பரத் தளங்கள் அரசுத் தளம் போலவே உடை உடுத்திக்கொண்டு இலவச வேலைக்குக் கட்டணம் கேட்கும். சந்தையில் கைகுலுக்கும் ஆள் அதையே நேரில் செய்கிறார். உங்கள் நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் அத்தோடு பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். உண்மையான கணக்காளருக்கு அவை தேவையே இல்லை. அவருக்கென்று தனி முகவர் கணக்கு இருக்கும்.

இந்த ஆட்கள் குறிவைப்பது உங்கள் 490ஐ அல்ல. கணவர் அடிப்படை விகிதத்தில் வரி கட்டுபவரானால், நீங்கள் பயன்படுத்தாத வரிவிலக்கில் 1,260 பவுண்டை அவருக்கு மாற்றலாம். திருமணச் சலுகை என்ற இதனால் வீட்டுக்கு ஆண்டுக்கு 252 பவுண்டு வரை மிச்சம். தகுதி இருந்த முந்தைய நான்கு ஆண்டுகளுக்கும் கேட்கலாம். அரசுத் தளத்தில் நீங்களே சில நிமிடங்களில் செய்துவிடக்கூடியது. இடைத்தரகரிடம் கையெழுத்துப் போட்டால் திரும்பி வரும் பணம் முதலில் அவர் வங்கிக்குப் போகும். தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எறிவார். ஏற்கெனவே எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால், உங்கள் வரிக் கணக்கில் முகவராக யார் பெயர் இருக்கிறது என்று இன்றே பார்த்து நீக்குங்கள்.

சந்தை என்றதும் இன்னொன்று. கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஃபேஸ்புக்கில் இல்லாத கைவினைச் சந்தைகளுக்கு மேஜை விற்பார்கள். படம் அழகாக இருக்கும், மண்டபத்தின் பெயரும் நிஜமாக இருக்கும், பணம் மட்டும் தனிநபர் கணக்குக்குப் போகும். கட்டுவதற்கு முன் அந்தக் கிராம மண்டபத்துக்கே ஃபோன் போட்டு, அன்றைக்கு முன்பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பில்த் வெல்ஸ் மைதானத்தில் ஏப்ரலில் நடக்கும் வொண்டர்வூல் கம்பளி விழா போன்ற பெரிய விழாக்களுக்கு அவற்றின் சொந்தத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள்.

வேல்ஸில் இருப்பதால் கார்டிஃபில் தனி வரி அலுவலகம் என்று யாராவது குழப்பினால் கேட்க வேண்டாம். வேல்ஸ் வருவாய் ஆணையம் பார்ப்பது சொத்து வாங்கும் வரி, குப்பைக்கிடங்கு வரி போன்றவை. வருமான வரி எச்.எம்.ஆர்.சி.தான். கணவரின் வரிக் குறியீடு ‘சி’யில் தொடங்குவது வேல்ஸ்காரர் என்பதற்கான அடையாளம், அவ்வளவே.

இப்போது பலரும் தவறவிடும் ஒரு விஷயம்; கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்களுக்கு வேறு வேலை இல்லை. அதனால் ஓய்வூதியக் கணக்கில் இந்த ஆண்டுகள் காலியாகவே போகின்றன. முழு அரசு ஓய்வூதியத்துக்குப் பொதுவாக நேஷனல் இன்ஷூரன்ஸ் கணக்கில் நிரம்பிய 35 ஆண்டுகள் வேண்டும். பத்துக்குக் குறைந்தால் ஒன்றும் கிடையாது. இங்கே பிறந்த தாய்மார்கள் அரசு தரும் குழந்தைப் படி (சைல்ட் பெனிஃபிட்) வாங்குவதால் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது வரை அந்த ஆண்டுகள் தானாக நிரம்பும். உங்கள் விசாவில் பொதுநிதி, அதாவது அரசு உதவித்தொகை, கூடாது என்று எழுதியிருக்கும். எனவே குழந்தைப் படி கேட்கவே கூடாது. கேட்டால் அதுதான் விசாவுக்கு ஆபத்து, தறி அல்ல. ஆனால் சுயதொழிலாளராகப் பதிந்தவர் லாபம் குறைவாக இருந்தாலும் விருப்பப்பட்டு இரண்டாம் வகுப்பு நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டலாம். 2025–26இல் வாரம் 3.50 பவுண்டு, ஆண்டுக்கு 182. பதியாதவர் அதே ஆண்டை நிரப்ப மூன்றாம் வகுப்பில் வாரம் 17.75 கட்ட வேண்டும், ஆண்டுக்கு 923. வித்தியாசத்தைப் பாருங்கள்! அடுத்த ஆண்டு விற்பனை ஆயிரத்துக்குக் கீழே போனாலும் இந்த ஒரு காரணத்துக்காகப் பதிவைத் தொடரலாம். தாக்கலில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டு ஜனவரி 31க்குள் பணத்தையும் கட்டிவிடுங்கள். மறந்தால் ஃபோனில் மணிக்கணக்காக இசை கேட்க நேரிடும். அந்த 180ஐ ஆளுக்குக் கொடுப்பதா, இதற்குக் கொடுப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பதிந்ததும் பத்து இலக்க எண் ஒன்று தபாலில் வரும். கதவெண் இல்லாமல் வீட்டுப் பெயர் மட்டுமே உள்ள ஊர் உங்களுடையது. ‘டீ நெவித்’ என்ற பெயரில் ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு வீடு இருக்கலாம், அஞ்சல் குறியீடும் ஒன்றாக இருக்கலாம். கடைசி வாரத்தில் பதிந்துவிட்டு எண்ணுக்குக் காத்திருக்காதீர்கள். எந்தக் காலத்தில் இருக்கிறார்கள் இவர்கள் என்று கேட்கத் தோன்றும், கேட்டுப் பயனில்லை.

ரசீது விஷயம். பண்ணைக்காரர் ரோமத்துக்கு ரசீது தர மாட்டார், ரொக்கம்தான். தேதி, பண்ணையின் பெயர், எத்தனை ரோமம், எவ்வளவு பணம் என்று ஒரு நோட்டில் அன்றே எழுதுங்கள். பணத்துக்குப் பதில் ஒரு தொப்பி பின்னிக் கொடுத்தால் அதன் விலையும் விற்பனைதான், அதையும் எழுதுங்கள். கடைகளில் விற்றுத்தரச் சொல்லிக் கொடுக்கும் சரக்குக்கு, விற்கும் வரை அது உங்களுடையது என்று கடைக்காரர் கையெழுத்துடன் பட்டியல் வாங்குங்கள். அது இல்லாமல் கடை மூடினால் உங்கள் சால்வை வேறு யாருடைய கடனுக்கோ போய்விடும். இந்த நோட்டையும் பட்டியலையும் தாக்கலுக்கான ஜனவரி 31இலிருந்து ஐந்து ஆண்டுகள் எறியாமல் வைத்திருங்கள்.